நுண்ணுயிர் ஆக்கும் சோப்பு

மட்டாஞ்சேரி என்றவுடன் மிளகும் ஏலமும் சுக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. கொச்சித் துறையின் பண்டைய வாணிகப் பகுதியாகிய இவ்வூரின் பஜார் ரோட்டுப் பண்டசாலைகள் அவற்றாலேயே புகழ் பெற்றன. ஆயினும் இவ்வட்டாரத்தின் செல்வத்துக்கு மற்றொரு பண்டமும் காரணமாக இருந்திருக்கிறது. அது தேங்காயெண்ணெய். கொப்பரையும் எண்ணெயும் வந்து குவியும் சந்தையாகக் கொச்சி விளங்கிற்று. 1917-ஆம் ஆண்டில் டாட்டா எண்ணெய் ஆலைக் கம்பெனி தோன்றிக் காயலுக்கு அக்கரையில் எரணாகுளத்தில் ஆலை அமைத்தது. கொப்பரை ஆட்டுவதில் தொடங்கிய அக்கம்பெனி பின்னர் ஹமாம், 501 முதலிய சோப்புக்களால் நாடெங்கும் அறியப்பட்டது. 1993-இல் இந்துஸ்தான் லீவர் கம்பெனியுடன் இணைந்தது.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னும் பகுதியில், தோபிக் கானா ஒன்று இருக்கிறது. அங்கே துணி வெளுப்போர் தமிழ் வண்ணார் குலத்தினர். டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த குடிகளின் வழியினர் இவர்கள் என்று சொல்லப்படுகிறது. ஆக, எண்ணெய் சோப்பாவதும், சோப்பு அழுக்கைப் போக்குவதும், அழுக்கு நீர் வாய்க்கால் வழியே காயலைச் சேர்வதுமாகிய மூன்றுக்கும் இடமாக இருந்தது இவ்வட்டாரம். இன்று நாம் ஆராயப் புகும் பொருளுக்கு இது மிகவும் பொருந்திய இடம். நுண்ணுயிர்களைக் கொண்டு, ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் விளையக்கூடிய பொருள்களிலிருந்து, சோப்பின் வேலையைச் செய்யும் பொருள்களை எவ்வாறு ஆக்குகிறார்கள், அதனால் நமக்கு ஆகக்கூடியது என்ன என்பதே அப்பொருள்.

முதலில் சோப்பு செய்யும் வேலை யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். குளத்து நீரின்மேல் சில பூச்சிகள் கால் நனையாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல்போல இறுகி நிற்பதே அதற்குக் காரணம். இதனைப் பரப்பு இழுவிசை என்பர். அறையின் சாதாரண வெப்பநிலையில் தூய நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன். இந்த இறுக்கம் இருக்கும்வரை நீர் துணியின் நுண்ணிய இழைகளுக்குள் நன்கு புகாது. எண்ணெய்ப் பிசுக்கை அணுகவும் மாட்டாது.

சோப்பு இந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் தலையும் வாலும் உண்டு எனலாம். தலை நீரை நாடும். நீண்ட வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். நீரில் கரைந்த சோப்பு மூலக்கூறுகள் முதலில் மேற்பரப்பில் அணிவகுத்து அதன் இறுக்கத்தைக் குறைக்கின்றன. அங்கே இடம் நிரம்பியபின், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டிய வண்ணம், சிறு சிறு உருண்டைகளாக நீருக்குள் திரளுகின்றன. துணியிலுள்ள எண்ணெய் அழுக்கு அவ்வுருண்டைகளின் உள்ளே சிறைப்பட்டு நீரோடு போய்விடுகிறது. இவ்வாறு இருதரப்பையும் இணைத்துவைக்கும் பொருள்கள் அனைத்துக்கும் பரப்பியங்கிகள் என்பது பொதுப்பெயர். சோப்பு அவற்றுள் ஒன்று.

நம் முன்னோர் இவற்றைப் பெயரறியாமலே கையாண்டார்கள். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அவற்றிலுள்ள சப்போனின் என்னும் பரப்பியங்கியால். வண்ணார் உவர்மண் இட்டு வெள்ளாவி வைக்கும்போது, மண்ணிலுள்ள காரம் துணியின் கொழுப்பு அழுக்கோடு சேர்ந்து அங்கேயே சிறிது சோப்பாகிறது. தேங்காயெண்ணெயோடு காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பது நாம் அறிந்த கட்டிச் சோப்பு. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் வால் பன்னிரண்டு கரியணுக்களே நீளமுடையது. ஆகையால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு எளிதில் கரையும். உப்பு நீரிலும் நுரைக்கும். காயற்கரை மக்களுக்கும் கப்பலோட்டிகளுக்கும் இது பெரிய வசதியாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெட்ரோலியத்திலிருந்து செய்த சலவைப் பொருள்கள் பரவின. விலை மலிவு, கடின நீரிலும் வேலை செய்தன. ஆனால் முதலில் வந்த வகைகளின் வால் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. நீரிலுள்ள பாக்டீரியங்களால் அக்கிளைகளை எளிதில் அரித்துத் தின்ன முடியவில்லை. அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளின்மேல் நுரை மலைபோல எழுந்தது. 1960-களின் நடுவில் தொழிற்சாலைகள் கிளையில்லாத நேர் வாலுடைய வகைக்கு மாறியபின்னரே அந்நுரை அடங்கிற்று. ஒரு பொருள் அழுக்கைப் போக்கினால் மட்டும் போதாது, வேலை முடிந்தபின் தானும் மறைய வேண்டும் என்ற பாடத்தை உலகம் அப்போது கற்றது. எனினும் இன்றைய சலவைத் தூளில் பெரும்பகுதி பெட்ரோலியத்தையே நம்பியிருக்கிறது. எஞ்சியது பெரும்பாலும் பனையெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் நம்பியிருக்கிறது. முன்னது ஒருநாள் தீர்ந்துபோவது. பின்னது மனிதரின் உணவோடு போட்டியிடுவது.

இங்கேதான் நுண்ணுயிர்கள் நம் கதையில் வந்து சேருகின்றன. எண்ணெய் சிந்திய மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அது வாழ்வது ஈரத்தில்; அதன் உணவு எண்ணெயில். எண்ணெயோ நீரில் கரையாது. உணவு எதிரே இருந்தும் உண்ண முடியாத அந்நிலையில், அவ்வுயிர் தானே ஒரு பரப்பியங்கியை ஆக்கி வெளியிடுகிறது. எண்ணெய் நுண் துளிகளாகச் சிதறுகிறது, பாக்டீரியம் உண்கிறது. வேறு சில வகைகள் ஈரப்பரப்பின்மேல் வழுக்கிப் பரவுவதற்கும், போட்டியிடும் பிற உயிர்களை விலக்குவதற்கும் இதே பொருளைப் பயன்படுத்துகின்றன. உயிர்கள் ஆக்குவதால் இவற்றுக்கு உயிர்ப் பரப்பியங்கிகள் என்று பெயர்.

இவற்றுள் மூன்றினை அறிந்தால் போதும். முதலாவது ராம்னோலிப்பிடு. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியம் இதனை ஆக்குவதை 1940-களில் கண்டறிந்தனர். 1949-இல் ஜார்விஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதன் அமைப்பை விளக்கினர். ராம்னோஸ் என்னும் சர்க்கரை இதன் தலை, கொழுப்பமிலம் வால். இரண்டாவது சோஃபோரோலிப்பிடு. இதனை 1961-இல் கனடாவில் கோரின், ஸ்பென்சர், டல்லக் ஆகியோர் ஓர் ஈஸ்ட் வகையில் கண்டனர். மூன்றாவது சர்ஃபாக்டின். 1968-இல் ஜப்பானிய ஆய்வாளர் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். ஏழு அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பமிலமும் வளையமாகச் சேர்ந்தது அது.

இவற்றின் ஆற்றல் வியப்புக்குரியது. நீரின் இழுவிசையை 72 டைனிலிருந்து 27 டைன் அளவுக்குச் சர்ஃபாக்டின் குறைத்துவிடுகிறது. நாம் முன்பு கூறிய உருண்டைகள் திரளத் தொடங்குவதற்கு, ஷாம்பூவில் சேரும் சோடியம் லாரில் சல்பேட்டு ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2,300 மில்லிகிராம் வேண்டும். சர்ஃபாக்டினோ ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிகிராம் இருந்தால் போதும். குளிர்ந்த நீரிலும் உப்பு நீரிலும் வேலை செய்யும் உயிர்ப் பரப்பியங்கிகள் பல. வேலை முடிந்தபின் வேறு நுண்ணுயிர்கள் அவற்றை எளிதில் உண்டு தீர்க்கின்றன. ஆனால் இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. சர்ஃபாக்டின் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கவல்லது. ராம்னோலிப்பிடைத் தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, உடல் தளர்ந்தவர்களைப் பற்றி நோய் உண்டாக்கும் இனம். ஆகவே ஒவ்வொன்றையும் சோதித்தே கொள்ளவேண்டும்.

இனி ஆக்கும் முறையைக் காண்போம். தக்க உயிரைத் தேடுவதே முதல் வேலை. எண்ணெய் ஆலையின் முற்றத்து மண், மோட்டார் பட்டறைத் தரை, துறைமுகச் சேறு ஆகியவையே அது மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள். மண்ணிலிருந்து பிரித்த வகைகளைத் தனித்தனியே வளர்த்துச் சோதிப்பார்கள். சோதனை மிக எளியது. ஒரு தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பரப்பி, வளர்ப்பு நீரில் ஒரு சொட்டை நடுவில் விடுவார்கள். பரப்பியங்கி இருந்தால் எண்ணெய் விலகி, நடுவில் தெளிந்த வட்டம் தோன்றும். வட்டம் பெரிதானால் உயிர் வல்லது என்பது பொருள்.

தேர்ந்த உயிரை அடுத்தபடியாக நொதிகலத்தில் வளர்க்கிறார்கள். அடுப்பின் கொதிப்பும் காரத்தின் கடுமையும் இங்கே தேவையில்லை. நம் நாட்டுச் சாதாரண வெப்பமாகிய 30 முதல் 37 டிகிரியே போதும். சர்க்கரை அல்லது எண்ணெய் உணவாகிறது. சிறிது நைட்ரஜன் உப்பும் தாது உப்புக்களும் சேருகின்றன. அடியிலிருந்து காற்றைச் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. நைட்ரஜன் தாராளமாக இருக்கும்வரை சூடோமோனாஸ் தன் இனத்தைப் பெருக்குவதிலேயே முனைந்திருக்கும். அது குறைந்து, கரிச்சத்து மிஞ்சும்போதுதான் ராம்னோலிப்பிடை மிகுதியாக ஆக்கும். உழவர் சிலர் பூக்கும் பருவத்தில் மரத்துக்கு நீரைக் குறைப்பதைப் போன்றது இது.

காற்றைச் செலுத்தியதும் கலம் நுரைத்துப் பொங்குகிறது. எந்தக் குணத்துக்காக இப்பொருளை விரும்புகிறோமோ, அக்குணமே ஆக்குவோருக்கு இடையூறாகிறது. சில இடங்களில் பொங்கும் நுரையையே வெளியே வடித்து அதிலிருந்து பொருளை எடுக்கிறார்கள். சர்ஃபாக்டினையும் ராம்னோலிப்பிடையும் அமிலம் சேர்த்துப் படியவைக்கலாம். சோஃபோரோலிப்பிடு கனத்த படலமாகக் கலத்தின் அடியில் தானே தங்கிவிடும். ஒரு லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேலும் கிடைப்பதுண்டு. சர்ஃபாக்டினோ பொதுவாகச் சில கிராம் அளவே கிடைக்கும். வாணிகத்தில் சோஃபோரோலிப்பிடு முந்திக்கொண்டதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம்.

இத்தனை சிறப்பிருந்தும் இப்பொருள்கள் கடைத்தெருவை நிறைக்காமைக்கு விலையே காரணம். பெட்ரோலியத்துச் சலவைப் பொருளை நோக்க இவற்றின் விலை பல மடங்கு. அவ்விலையைக் குறைக்க முதலில் தோன்றும் வழி, மலிவான உணவைத் தேடுவது. இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கவில்லை. பரோடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டேலும் தேசாயும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் சூடோமோனாஸை வளர்த்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதே காலத்தில் சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிலையத்தில் மக்கரும் கமியோத்ராவும் அக்கழிவுப்பாகிலேயே பாசில்லஸ் இனங்களை 45 டிகிரி வெப்பத்தில் வளர்த்துக் காட்டினர். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையத்தார் சாராய ஆலைக் கழிவிலும் பால் திரிந்த நீரிலும் இதனைப் பெறலாம் என்று 2001-இல் கண்டனர். அஸ்ஸாமில் தேஜ்பூர்ப் பல்கலைக்கழகத்தார் உருளைக்கிழங்குத் தோலைப் பயன்படுத்தினர். பிரேசில் நாட்டார் மரவள்ளிக்கிழங்கு ஆலையின் கழிவு நீரில் பாசில்லஸை வளர்த்து, லிட்டருக்கு மூன்று கிராம் அளவு பரப்பியங்கி பெற்றனர். கப்பைக்கிழங்கு விளையும் கேரளத்துக்கு இது கருதத்தக்க செய்தி.

கொச்சியில் இத்தொழிலை நடத்தினால் எதனை உணவாகக் கொடுக்கலாம்? தேங்காயெண்ணெயையே கொடுப்பது அறிவுடைமை ஆகாது. 2025-ஆம் ஆண்டில் அதன் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டிற்று. ஏழைக் குடும்பம் தாளிக்கத் தயங்கும் எண்ணெயைப் பாக்டீரியத்துக்கு ஊட்டுவது எவ்வாறு தகும்? மேலும் சோஃபோரோலிப்பிடு தரும் ஈஸ்ட் விரும்புவது பதினாறு, பதினெட்டுக் கரியணுக்கள் உள்ள நீண்ட கொழுப்பமிலங்களையே. தேங்காயெண்ணெயின் குட்டை வால் அதற்கு ஏற்றதன்று. தேங்காய்ப் பிண்ணாக்கைக் கழிவு என்று சொல்லுவாரும் உளர். அதில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. அது கறவை மாட்டின் தீவனம். மாட்டின் வாயிலிருந்து பறித்துக் கலத்தில் இட்டால், பாலின் விலை அதற்கு வட்டியோடு பதில் சொல்லும்.

உண்மைக் கழிவுகள் வேறு இருக்கின்றன. கொப்பரைக்காகத் தேங்காய் உடைக்கும் களங்களில் முற்றிய காயின் நீர் தரையில் ஓடுகிறது. அதில் சிறிது சர்க்கரையும் தாது உப்புக்களும் உள்ளன. எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் கசடு மிஞ்சுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலகாரக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் மீண்டும் மீண்டும் காய்ச்சிக் கறுத்த எண்ணெய் இருக்கிறது. அவ்வெண்ணெயில் கெட்ட கூறுகள் 25 சதவீதத்தை மிஞ்சினால் சமையலுக்கு ஆகாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அவ்வெண்ணெயைத் திரட்டி வேறு பயனுக்கு அனுப்பும் திட்டத்தையும் தொடங்கிற்று. அத்திட்டத்தில் எண்ணெய் பயோடீசலாக மாறுவதே பெரும்பாலும் கருதப்பட்டது. சாக்கடையில் ஊற்றினால் கல்வத்தி வாய்க்காலை அடைத்துக் காயலைக் கெடுக்கும் அதே எண்ணெய், நுண்ணுயிருக்கு நல்ல விருந்தாகும்.

ஆயினும் கழிவைக் கொடுத்த அளவில் விலைச் சிக்கல் தீர்ந்துவிடாது. மொத்தச் செலவில் மூலப்பொருளின் பங்கு 10 முதல் 30 சதவீதம் என்பது இத்துறையினர் சொல்லும் கணக்கு. பிரித்துத் தூய்மை செய்வதற்கே 60 சதவீதம்வரை போய்விடுகிறது. உணவு அழுக்காக இருந்தால் தூய்மை செய்யும் செலவு மேலும் ஏறும். மலிவாக வாங்கிய அரிசியில் கல் பொறுக்கும் கூலி மிஞ்சுவது போன்ற நிலை இது. அதனால் வெளிநாட்டுப் பெருங்கம்பெனிகள் தூய சர்க்கரையையே நாடுகின்றன. 2019-இல் சிலி நாட்டில் யூனிலீவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பாத்திரம் துலக்கும் திரவத்தில் ராம்னோலிப்பிடு சேர்ந்தது. அதனை அளித்த ஜெர்மானியக் கம்பெனியாகிய ஈவோனிக், 2024-இல் ஸ்லோவாக்கியாவில் பெரிய ஆலையைத் திறந்தது. நோய் செய்யாத பாக்டீரிய இனத்தைக் கொண்டு நடக்கும் அவ்வாலைக்கு மூலப்பொருள் மக்காச்சோளச் சர்க்கரை. ஆண்டுதோறும் விளைவதுதான், எனினும் அதுவும் உணவுப் பயிரே.

நமக்கு ஏற்ற வழி வேறு. தூய்மை தேவைப்படாத வேலைக்குத் தூய்மை செய்யாத பொருளே போதும். 1991-இல் குவைத்தில் ஒரு சோதனை நடந்தது. எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் படிந்த கசட்டின்மேல், பாக்டீரியம் வளர்ந்த நீரைப் பெரிதும் தூய்மை செய்யாமலே விட்டுக் கலக்கினார்கள். கசடு கரைந்தது, அதிலிருந்த எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மீட்கப்பட்டது. தொட்டியும் சுத்தமாயிற்று, எண்ணெயும் விற்பனைக்கு ஆயிற்று. கொச்சியை அடுத்த அம்பலமுகளில் 1966 முதல் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிவருகிறது. துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகின்றன. அத்தகைய தொட்டிகளுக்கும் கப்பல் அறைகளுக்கும் பட்டறைத் தரைகளுக்கும் பன்னீர்போலத் தெளிந்த சர்ஃபாக்டின் வேண்டுவதில்லை.

கடலையும் நாம் மறத்தலாகாது. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தொலைவில் சாய்ந்து, மே 25-ஆம் நாள் மூழ்கிற்று. மாலுமிகள் 24 பேரும் உயிர் தப்பினர். ஆனால் 640 பெட்டகங்களோடு, 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் கப்பலில் இருந்தன. கரையோர மீனவர்கள் கவலையில் ஆழ்ந்தனர். கடலோரக் காவற்படை, பரவிய எண்ணெயைச் சிதறவைக்கும் மருந்தைத் தெளித்தது. அம்மருந்தும் பரப்பியங்கியே. எண்ணெயை நுண் துளிகளாக்கிக் கடலிலுள்ள பாக்டீரியங்கள் உண்ணும்படி செய்வது அதன் நோக்கம். உப்பு நீரில் வேலை செய்து எளிதில் மறையும் உயிர்ப் பரப்பியங்கி இவ்வேலைக்கு ஏற்றது என்று அறிஞர் கருதுவதில் நியாயம் உண்டு. அதே வேளையில், சிதறிய துளிகள் மீன்குஞ்சுகளையும் எட்டும் என்பதால், மீன்பிடிக் கரைக்கு அருகில் எம்மருந்தையும் எண்ணித் தெளிக்கவேண்டும். நுண்ணுயிர் ஆக்கியதாயினும் இவ்விதிக்கு விலக்கு இல்லை.

இவற்றால் நாம் பெறும் முடிவு இது. நுண்ணுயிர் ஆக்கும் சோப்பு நாளையே நம் குளியலறைக் கட்டியையோ தோபிக் கானாவின் சலவைத் தூளையோ விரட்டிவிடப் போவதில்லை. அப்படி எதிர்பார்த்துப் பெருஞ்செலவில் தொடங்குவோர் ஏமாற்றமடைவர். ஆனால் கழிவை உணவாகக் கொண்டு, கடினமான துப்புரவு வேலைகளுக்குத் தூய்மை குறைந்த பொருளாகவே அளித்தால், கணக்குச் சரிப்படக்கூடும். அதற்கு முதல் தேவை, கறுத்த எண்ணெய் சாக்கடைக்குப் போகாமல் கடைதோறும் ஒரே சீராகத் திரட்டப்படுவது. அதனைச் செய்யவேண்டியவர்கள் கடைக்காரரும் நகராட்சியும் இல்லத்தரசிகளுமே. தேங்காயெண்ணெயை விற்றுச் செழித்த துறைமுகம், இனி எண்ணெய்க் கழிவையும் ஒரு பண்டமாக மதிக்கக் கற்றுக்கொண்டால், அதன் பயனை முதலில் உணர்வது காயலின் நீரும் அதில் வலை வீசுவோருமாக இருப்பர்.